துப்பாக்கி இருந்த பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து வந்தது.

எங்கள் வீட்டுக் கூடத்தில், எங்கள் அப்பாவின் காலடியில் மண்டியிட்டு, அவருடைய செருப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. குனிந்தபோது சட்டை பின்பக்கம் கொஞ்சம் மேலே ஏறியது. இடுப்பில், வலது பக்கம், தோல் உறைக்குள் ஒரு கைத்துப்பாக்கி. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் எழுந்தாள், சட்டை இறங்கியது, "அண்ணா, இன்னைக்கு ஜன்னல் வரைக்கும் போவோமா?" என்றாள். அவ்வளவுதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அது என் துப்பாக்கி இல்லையே. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூட்ட நேரத்துப் பேருந்தில் முழங்கையை மட்டும் நம்பி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும். புரியாதவர்கள் இரண்டாம் பகுதிக்குப் போகலாம்.

2

தொடக்கம் ஒன்று: "அந்தத் துப்பாக்கி மரணத்தைப் போலக் கறுப்பாக இருந்தது."

(அடித்துவிட்டேன். எந்த மரணம் கறுப்பு? எங்கள் தெருவுக்கு அது வந்தபோதெல்லாம் வெள்ளை வேனில், சைரன் போட்டுக்கொண்டுதான் வந்தது.)

தொடக்கம் இரண்டு: "அவளுக்கு வயது முப்பது இருக்கும். ஒல்லியான தேகம். அந்தக் கண்களில் இனம்புரியாத ஒரு சோகம்"

(இதையும். அவள் கண்ணில் இருந்தது தூக்கக் கலக்கம். அத்தனை வீட்டு மாடிப்படி ஏறி இறங்கினால் யார் கண்ணிலும் அதுதான் இருக்கும். இனம் நன்றாகவே புரியும்.)

தொடக்கம் மூன்று: "கதவு தட்டப்பட்டது. திறந்தால், துப்பாக்கியுடன்"

இந்த மூன்றாவதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர் போன் செய்தார்.

"நல்லா இருக்கு. எப்ப வெடிக்கும்?"

"வெடிக்காது."

"அப்புறம் எதுக்குத் துப்பாக்கி?"

"அவ எதுக்கு வச்சிருக்காளோ அதுக்கு."

"வாசகன் ஏமாந்துடுவானேம்மா."

"ஏமாறட்டும் சார். உயிரோட இருப்பான்ல?"

உங்களுக்கும் அதே பதில்தான். இந்தக் கதையில் துப்பாக்கி வெடிக்காது. அதற்காகக் காத்திருப்பவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். காத்திருக்க வேறு ஒன்று தருகிறேன்: ஒரு லாரி ஓட்டுநரின் இடது கால்.

3

இனி 'நான்' கிடையாது. கதை அவளுடையது. அந்த லாரி ஓட்டுநர் வீட்டில் ஒரு மகளும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், வாய் நீளம். இரண்டாம் பிரதியில் அவளை வெட்டிவிட்டேன். வந்தால் பிரசங்கம் செய்வாள். (நடுவில் எங்காவது தலையை நீட்டுவாள். எனக்கு அவளைத் தெரியும்.)

பிசியோ. போகிற வீடுகளில் எல்லாம் அவளுக்கு அதுதான் பெயர். பக்கவாதத்தில் விழுந்தவர்களை அவரவர் வீட்டிலேயே எழுப்பி நிறுத்தி நடக்கவைப்பது வேலை. ஒரு நிறுவனம் அனுப்பும், அவள் போவாள். அப்படித்தான் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கும் வந்தாள். கூடத்தில் கட்டில், கட்டிலுக்கு எதிரே ஜன்னல், சமையலறையைத் தாண்டி நடை, நடையின் கடைசியில் குளியலறை. கட்டிலில் லாரிக்காரர். இடது கை, இடது கால் இரண்டும் வேலை செய்யவில்லை. பேச்சு மட்டும் சேதாரமில்லாமல் தப்பித்திருந்தது.

"சார், இந்தக் காலை அசைங்க பார்ப்போம்."

"சாரா? என்னைப் போய் சார்னு கூப்பிட்டா என் வண்டி டயரே சிரிக்கும்."

"அப்ப அண்ணா."

"அது சரி. இங்க பாருங்க டாக்டரம்மா. பிரேக் இருக்கு, ஆக்சிலேட்டர் இருக்கு. ஸ்டியரிங்குக்கு ஒரு கை இருக்கு. கிளட்ச்தான் போச்சு."

"நான் டாக்டர் இல்லண்ணா."

"மெக்கானிக்கா?"

"கிட்டத்தட்ட."

முதல் நாள் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டாள். "நடந்து எங்க போகணும் உங்களுக்கு?" சிலர் கோயில் என்பார்கள், சிலர் கடைத்தெரு என்பார்கள், ஒருத்தர் சீட்டாடுகிற இடம் என்றார். லாரிக்காரர் யோசிக்கவே இல்லை.

"பாத்ரூம்."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் கதவைச் சாத்திக்கணும்."

அவர் மனைவி ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். நாள் முழுக்கக் கட்டில் விரிப்புகளை உதறிவிட்டு வந்து வீட்டிலும் ஒரு ஆளைத் தூக்க வேண்டும். கணவரை அக்குளில் கைகொடுத்துக் குளியலறைக்கு இழுத்துப்போய், உட்காரவைத்து, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி நிற்பார். இடுப்பு வலிக்கு ஒரு பட்டை எப்போதும் கட்டியிருந்தார். இரண்டு பேரில் யார் முதலில் உடைவார்கள் என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

பிசியோவின் தொழிலில் அ, ஆ என்பது இதுதான்: ஆள் எந்தப் பக்கம் விழுவாரோ அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும். லாரிக்காரர் இடது பக்கம் விழுவார். அதனால் அவருடைய இடது பக்கத்தில், அரை அடி பின்னால், அவர் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு, தன் வலது இடுப்பை அவருக்கு முட்டுக்கொடுத்து நடப்பாள். அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில் அவர் அந்தச் செத்த காலில் கொஞ்சம் கொஞ்சமாக எடையை இறக்குவார். கால் அப்படித்தான் திரும்பவும் கற்றுக்கொள்ளும்.

கற்றுக்கொள்ளவும் தொடங்கியிருந்தது. ஒரு நாள் இடது குதிகால் தரையில் பதிந்தது. "கிளட்ச் மிதிக்குது!" என்று அவர் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். பிசியோ அதைச் செல்போனை ஜன்னலில் சாய்த்துவைத்து வீடியோ எடுத்துக்கொண்டாள்.

பிறகுதான் அந்த இன்னொரு வீடு.

4

அதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். பளபளவென்ற தரை, உள்ளறையில் படுக்கையோடு கிடக்கும் ஒரு அம்மா, நல்ல உத்தியோகத்தில் இருக்கும் மகன். வேலை முடிந்து பிசியோ பையை எடுத்தபோது மகன் வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்ன அவசரம்? உட்காருங்க. அம்மா தூங்கிட்டாங்க."

"கதவைத் திறங்க சார். அடுத்த வீட்டுக்குப் போகணும்."

"அடுத்த வீடு எங்கயும் ஓடிப்போயிடாது."

சோபாவில் சாய்ந்து டிவி சத்தத்தைக் கூட்டினான். அவள் சுவரோடு சுவராக நின்றுகொண்டு

[இங்கே அவள் என்ன நினைத்தாள் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் சினிமா. அவளிடமே கேட்டேன். "ஒன்னும் நினைக்கல. சாவி எந்தப் பாக்கெட்ல இருக்குன்னு மட்டும் பார்த்துட்டே இருந்தேன்" என்றாள். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.]

ஒரு கூரியர்காரர் மணி அடித்தார். கதவு திறந்தது. பொட்டலத்துக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சந்தில் அவள் வெளியே வந்துவிட்டாள்.

மேற்பார்வையாளரிடம் போனாள். அவரும் ஒரு பெண்தான்.

"உன்னைத் தொட்டாரா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஒன்னும் நடக்கல."

"கதவைப் பூட்டினாரு."

"அவர் வீட்டுக் கதவைத்தானே பூட்டினாரு? ரிப்போர்ட்ல நான் என்னன்னு எழுதறது?"

(இந்த இடத்தில் மகள் நுழைந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். எடுத்துவிட்டேன். ஒரு வரியை மட்டும் விட்டுவைக்கிறேன்: நடந்து முடிந்தால்தான் நம்புவோம் என்கிறவர்களிடம், நடப்பதற்கு முன்னால் எந்த மொழியில் சொல்வது?)

பிசியோ நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் வங்கிக்குப் பணம் ஏற்றிப்போகிற வண்டியில் காவலுக்குப் போகிறவன். தங்கையை உட்காரவைத்து ஆறுதல் சொல்லும் வித்தை தெரியாதவன். தனக்குத் தெரிந்ததைச் செய்தான். சுடும் பயிற்சிக்கு அழைத்துப்போனான், உரிமம் வாங்க அலைந்தான், உறையை எப்படி மாட்டுவது என்று காட்டினான்.

"வெளிய எடுத்தேன்னா சுடத் தயாரா இருக்கணும். இல்லன்னா எடுக்கவே கூடாது."

"அப்ப எதுக்குண்ணா வச்சுக்கணும்?"

"ஒரு நிம்மதிக்கு."

அரசாங்கம் உரிமம் கொடுத்தது. நிறுவனம் கொடுக்கவில்லை. நோயாளி வீட்டுக்குள் ஆயுதம் கொண்டுபோனால் அன்றோடு வேலை காலி. அதனால் தொளதொளவென்ற சட்டை. அதனால் யாருக்கும் தெரியாமல்.

5

திரும்பி வந்த முதல் நாள் லாரிக்காரருக்கு அவளைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம்.

"எங்க போயிட்டீங்க டாக்டரம்மா? உங்களுக்குப் பதிலா ஒரு தம்பி வந்தான். காலை ரெண்டு உருவு உருவிட்டு, போனைப் பார்த்துட்டு, போயிட்டான்."

"கொஞ்சம் உடம்பு சரியில்லண்ணா."

வாய்க்கு வந்த பொய். வழக்கம்போல எதிரெதிரே நின்று, அவர் இடது முழங்காலைத் தன் முழங்காலால் முட்டுக்கொடுத்து, "மூக்கு முன்னாடி வரட்டும், எந்திரிங்க" என்றாள். அவருடைய நல்ல கை அவள் முதுகைச் சுற்றிப் போய் இடுப்பில் பட்டது. சுட்டதுபோல் பின்வாங்கியது. அதன் பிறகு தோளை மட்டுமே பிடித்துக்கொண்டார்.

தெரிந்துவிட்டதோ? அவர் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கால் நின்றுபோனது. முன்னேற்றம் என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. மனைவி வாய்விட்டே கேட்டார்: "லீவுக்கு முன்னாடி கொஞ்சம் ஊன்றினாரே, இப்ப என்ன கேடு வந்துச்சு?" பிசியோ பயிற்சியைக் கூட்டினாள், மாற்றினாள். பலிக்கவில்லை. மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது: வியாழக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன், முன்னேற்றம் இல்லையென்றால் இந்த வீட்டை நிறுத்திவிடலாம், வேறு ஆட்கள் வரிசையில் இருக்கிறார்கள், பழைய வீடியோவும் புது வீடியோவும் தயாராக வைத்திரு.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மனைவியின் இடுப்புப் பட்டை இன்னொரு துளை இறுகும். பிறகு கட்டில்தான் கூடம், கட்டில்தான் குளியலறை.

6

வேலை முடிந்து இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து இரண்டு வீடியோக்களையும் மாற்றி மாற்றி ஓடவிட்டாள்.

முதலாவதில் குதிகால் பதிகிறது, லாரிக்காரர் கத்துகிறார். இரண்டாவதில் அவர் உடம்பு முழுக்க வலது பக்கம் சரிந்திருக்கிறது. இடது கால் தரையைத் துடைத்துக்கொண்டு சும்மா வருகிறது. ஏன் இந்த மனுஷன் இப்படிச் சாய்கிறார் என்று எரிச்சலோடு மறுபடி போட்டாள். அவர் காலையே பார்த்தாள். மறுபடி போட்டாள்.

அப்புறம்தான் தன் கால்களைப் பார்த்தாள்.

முதல் வீடியோவில் அவள் அவருக்கு இடது பக்கம் நிற்கிறாள். இரண்டாவதில் வலது பக்கம்.

முதல் வருடம் படிக்கிற பெண்கூடச் செய்யாத தப்பு. எப்போது மாறினோம் என்று யோசித்தாள். மாறுவது என்று அவள் முடிவெடுக்கவே இல்லை. இடது பக்கம் நின்றால் அவளுடைய வலது இடுப்பு அவர்மேல் உரசும். வலது இடுப்பில் அது இருக்கிறது. இடுப்பே யோசித்து, இடுப்பே முடிவெடுத்து, அவளைக் கேட்காமல் அந்தப் பக்கம் கூட்டிப்போய்விட்டது. நல்ல பக்கத்தில் அவள் நின்றால் அவர் நல்ல பக்கம்தானே சாய்வார்? விழுகிற பக்கத்தில் யாருமே இல்லை.

(இங்கே நின்று ஒரு நீதி சொல்ல நல்ல வசதி இருக்கிறது. 'பயத்தை உதறிவிடு பெண்ணே' என்று. உதவி ஆசிரியர் அதற்கும் சம்மதிப்பார். நான் சம்மதிக்கவில்லை. அவள் பயம் சரியான பயம். கதவு பூட்டப்பட்டது நிஜம். பூட்டியவன் இன்றைக்கும் அதே சோபாவில் உட்கார்ந்துகொண்டிருக்கிறான். இந்தக் கதையில் யாராவது திருந்த வேண்டுமென்றால் அவனிலிருந்து தொடங்குங்கள்.)

7

அடுத்த முறை வந்ததும் நேராக இடது பக்கம் போய் நின்றாள். லாரிக்காரர் கட்டிலிலேயே வலப்பக்கமாக நகர்ந்தார்.

"அண்ணா, இந்தப் பக்கம் சாயுங்க."

"வேணாம்மா. இப்படியே பழகிடுச்சு."

"வெயிட்டை என் மேல போடுங்க. நான் தாங்குவேன்."

"நீங்க தாங்குவீங்க. வலிக்கும்ல?"

"யாருக்கு?"

அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உங்களுக்குத்தான். ஆபரேஷன் பண்ண இடம்."

"எந்த ஆபரேஷன்?"

"என்கிட்ட எதுக்கு மறைக்கறீங்க? என் மச்சானுக்கும் குடல்ல ஆபரேஷன் பண்ணி இடுப்புல பை மாட்டி விட்டாங்க. மேல காத்து பட்டாலே துடிப்பான். நீங்க லீவு முடிஞ்சு வந்தன்னைக்கே என் கையில தட்டுப்பட்டுச்சு, கெட்டியா. சரி, பொம்பளப் பிள்ளை, வெளிய சொல்லக் கூச்சப்படுதுன்னு நானும் கேக்கல. வீட்லயும் மூச்சு விடல. அந்தப் பக்கம் சாயாம பார்த்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

"என் தம்பியை எதுக்கு இழுக்கறீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பிசியோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் துப்பாக்கிக்காக விலகி நின்றிருக்கிறாள். அவர் அவளுக்காக விலகிச் சாய்ந்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த இடது காலை அநாதையாக விட்டிருக்கிறார்கள். அவள் அழுதாள்.*

* பிரதியைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "நான் எங்க அழுதேன்?" உட்கார்ந்தீங்களே என்றேன். "உட்கார்ந்தா அழுததா ஆயிடுமா? தண்ணி கேட்டேன். உங்க அம்மா கொடுத்தாங்க. அதை எழுது." சரி. அவள் தண்ணீர் கேட்டாள். அம்மா கொடுத்தார்.

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "அண்ணா, அது பை இல்ல. துப்பாக்கி."

சொம்பை வாங்கக் கை நீட்டிய மனைவி அப்படியே நின்றார். "என்னது?"

"லைசென்ஸ் இருக்குக்கா."

"லைசென்ஸ் இவருக்கும்தான் இருந்துச்சு. ரெண்டு மரத்துல கொண்டுபோய் மோதல? குண்டு இருக்கா உள்ள?"

"இருக்குக்கா."

"அடப்பாவி! இத்தனை நாளா என் புருஷன் கட்டிப்பிடிச்சு எந்திரிச்சது துப்பாக்கியையா?"

லாரிக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதி வாயால்தான் சிரிக்க முடியும். அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. "நான் ஒரு வாரமா இந்தப் பிள்ளைக்காகச் சாமி கும்பிட்டுட்டு இருக்கேன்டி, தையல் சீக்கிரம் ஆறணும்னு!"

மனைவி சிரிக்கவில்லை. "மொதல்ல அதை எடு."

பிசியோ சுவர்ப் பக்கம் திரும்பி, குண்டுகளை வெளியே எடுத்தாள். துப்பாக்கியைப் பையிலிருந்த சின்ன இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மனைவி பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்ப சொல்லு. எதுக்கு?"

அவள் சொன்னாள். பளபளவென்ற தரை, சாவி, சட்டைப் பை, டிவி சத்தம். 'அப்ப ஒன்னும் நடக்கல' வரைக்கும் சொன்னாள். முடிந்ததும் மனைவி பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"விடுதியில ரூம் சுத்தம் பண்ணப் போனா, நாங்க தள்ளுவண்டிய வாசல்ல குறுக்கப் போட்டுட்டுத்தான் உள்ள காலை வைப்போம். கதவு சாத்தவே வராது. புதுசா வர்ற பிள்ளைங்ககூட அப்படித்தான் பண்ணுதுங்க. யாரும் சொல்லிக் கொடுக்கறதில்ல."

"வீட்டு வாசல்ல நான் எந்த வண்டியக்கா போடறது?"

மனைவி வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அது சரி, ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு துப்பாக்கின்னு எத்தனை நாளைக்கு?" என்று உள்ளறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மகள். (சொன்னேனே.) "உங்க கூட வேலை பார்க்கறவங்க என்ன வச்சிருக்காங்கன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"நீ போய்ப் பாத்திரத்தைக் கழுவு" என்றார் மனைவி. எழுந்தார். வாசல் கதவை முழுக்கத் திறந்து, நாற்காலியை இழுத்துக் குறுக்கே போட்டார். பெட்டியோடு அதிலேயே உட்கார்ந்தார்.

"இது இப்படியே இருக்கட்டும். நீ உன் வேலையப் பாரு."

பிசியோ இடது பக்கம் போய் நின்றாள். அவள் வலது இடுப்பில் இப்போது ஒன்றும் இல்லை. லாரிக்காரர் முதலில் தோளைச் சாய்த்தார், பிறகு விலாவை. கடைசியில் ஆளையே சாய்த்தார்.

"கனமா இருக்கேனா?"

"லாரி மாதிரி இருக்கீங்க."

"லோடு இல்லாத லாரிதான்மா."

இடது குதிகால் தரையைத் தொட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம். திரும்பவும் தூக்கிக்கொண்டது. யாரும் கத்தவில்லை. எல்லாரும் பார்த்தார்கள்.

8

மகள் சொன்ன கேள்வியைப் பிசியோ கேட்டேவிட்டாள். மேடம் இல்லாத குரூப் ஒன்று எல்லா வேலையிடத்திலும் இருக்குமே, அதில் போட்டாள்: *புது வீட்டுக்குப் போகும்போது பையில என்ன வச்சிருக்கீங்க? உண்மையச் சொல்லுங்க.*

பதில் கொட்டியது.

*கத்தரிக்கோல். பேண்டேஜ் வெட்டன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.*

*மிளகு ஸ்ப்ரே. ஒரு தடவை என் மூஞ்சியிலயே அடிச்சுக்கிட்டேன்.*

*யாருமே இல்லாத போனைக் காதுல வச்சுக்கிட்டு 'வந்துட்டியா, கீழதான் நிக்கறியா'ன்னு பேசிட்டே ஏறுவேன்.*

*என் வீட்டுக்காரர் கீழ பைக்ல நிப்பாரு. அவருக்குத் தைரியம் குடுக்க நான் மேலருந்து கையசைக்கணும்.*

*நான் ஆம்பளைதான். ஆனாலும் பிஸ்கட். நாய்க்கு.*

பிசியோ 'என்கிட்ட இருக்கறது இதையெல்லாம் விடப் பெருசு' என்று எழுதி, அனுப்பாமல் அழித்தாள். அதற்குப் பதிலாக இப்படி அனுப்பினாள்: *இனிமே புது வீட்டுக்கு யாரும் தனியாப் போக வேண்டாம். ரெண்டு பேராப் போவோம். இல்லன்னா போகாம இருப்போம்.*

மேற்பார்வையாளர் "ஆள் எங்க இருக்கு? பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள், அதை எனக்கு யாரும் அகராதியில் காட்ட வேண்டாம். ஆனால் ஒருவரும் தனியாகக் கிளம்பவில்லை. புது வீடுகள் தேங்கின. வேறு வழியில்லாமல் ஒரு நாள் மேடமே ஒரு புதுப் பெண்ணோடு கிளம்பிப்போக வேண்டியதாயிற்று. நாலாவது மாடி, மின்தூக்கி இல்லை. பாதிப் படியில் சுவரைத் தடவிக்கொண்டே கேட்டாராம்:

"இங்க லைட்டே கிடையாதா?"

"எங்கயுமே கிடையாது மேடம்."

மிச்சப் படியை இரண்டு பேரும் செல்போன் வெளிச்சத்தில் ஏறினார்களாம். அடுத்த வாரத்திலிருந்து புது வீடுகளுக்கு இரண்டிரண்டு பேர், 'தற்காலிகமாக'. இந்த அலைச்சலில் லாரிக்காரர் வீட்டுக்கு வர வேண்டிய வியாழக்கிழமை மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் அந்தக் காலுக்குக் கிடைத்தது.

'தற்காலிகமாக' என்ற சொல்லை நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அதற்குள் இருக்கிற வரை இருந்துகொள்ளலாம், வாடகை வீடு மாதிரி.

9

முடிவு, உதவி ஆசிரியருக்காக: "வியாழக்கிழமை மதியம். இருண்ட மாடிப்படி. சட்டைப் பையில் சாவியோடு அவன் நின்றிருந்தான். அவள் கை மெல்ல வலது இடுப்பை"

கை ஓடவில்லை. அவனுக்கு என் கதையில் இன்னொரு காட்சி தர எனக்கு மனசில்லை.

முடிவு, நல்லவர்களுக்காக: அவள் துப்பாக்கியை அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கிறாள். வெளியே மழை விட்டிருக்கிறது. இதைப் பிசியோ படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் அந்த மாடிப்படியில லைட் யார் போடுவா? நீயா?"

அழித்துவிட்டேன். அவள் இன்னும் அதை வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் பூட்டி அம்மாவிடம் கொடுக்கிறாள். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டே வெங்காயம் உரிக்கிறார். மற்ற வீடுகளில் என்ன செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேராகப் போகிற வீடுகளுக்கு எடுத்துப்போவதில்லை என்று அவளாகவே ஒருமுறை சொன்னாள். அதை நான் பெரிய செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது முடிவு: அப்பா நடக்கிறார். இதை எத்தனை விதமாகவோ எழுதிவிட்டேன். ஒவ்வொன்றும் நன்றாக வந்தது. அதுதான் சந்தேகமாக இருந்தது. இன்று புதன்கிழமை. மேடம் நாளைக்கு வருகிறார். நான் மேசையில் எழுதுவதைக் கட்டிலில் இருந்தபடியே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைத்தானே எழுதற?"

"ஆமா."

"நடந்துட்டேன்னு எழுதிட்டியா?"

"இல்ல."

"ஏன்? எழுத என்ன கஷ்டம்?"

"நீ மொதல்ல நடப்பா. அப்புறம் எழுதறேன்."

"நீ மொதல்ல எழுது. அதைப் பார்த்து நடக்கறேன்."

"நான் பொய் எழுத மாட்டேன்."

"நானும் பொய்யா நடக்க மாட்டேன்."

இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். யாரும் இறங்கிவரப் போவதில்லை. நடுவில் அவருடைய இடது கால் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறது. அதனால் வேறு வழியில்லாமல் உங்களைக் கூப்பிடுகிறேன்.

வாங்க. வாசல் கதவு திறந்துதான் இருக்கிறது. குறுக்கே கிடக்கிற நாற்காலியைத் தாண்டி வாங்க, அதை நகர்த்தாதீர்கள். வருகிற வழியில் என்ன பயத்தோடு வந்தீர்கள், அந்தப் பயத்துக்கு எதை இடுப்பில் செருகி வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். இருந்தால் அம்மாவிடம் கொடுங்கள். பத்திரமாக இருக்கும். போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது அவருக்கு இடது பக்கம் வாங்க. அது வலது. இந்தப் பக்கம். அரை அடி பின்னால். இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வலது இடுப்பு அவர்மேல் பட வேண்டும். நன்றாகப் படட்டும். அவர் ஏதாவது ஜோக் அடிப்பார், சிரித்தாலும் பிடியை விடாதீர்கள். கனமாக இருக்கேனா என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள்.

கூடம் முடிந்தால் சமையலறை. அப்புறம் நடை. நடையின் கடைசியில் குளியலறை, விளக்கு போட்டு வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் நீங்கள் போதும்.

அங்கே போனதும் கையை எடுத்துவிட்டு வெளியே நில்லுங்கள்.

கதவை அவர் சாத்திக்கொள்ளட்டும்.